புதிய ஆசிரியர்களை உருவாக்கும் கூட்டணிகளுக்கு அமெரிக்க மானியம்: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று கறுப்பினத்தவர், லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), ஆசியர்கள், பூர்வகுடியினர். அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வெள்ளையர்கள். 2020-21 கல்வியாண்டின் அரசுக் கணக்குப்படி கறுப்பின ஆசிரியர்கள் 6 விழுக்காடு, லத்தீனோ ஆசிரியர்கள் 9 விழுக்காடு மட்டுமே.

இது தானாக நேர்ந்ததல்ல. 1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட வெள்ளையர் பள்ளிகள் அவர்களின் ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்த இழப்பு இன்னும் ஈடுசெய்யப்படவில்லை.

இழந்தது எவ்வளவு என்பதற்கு டென்னசி மாநிலத் தரவு ஒன்று போதும். 1980-களில் அங்கே குலுக்கல் முறையில் வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பொருளியலாளர்கள் பிற்காலத்தில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகளுக்கு, உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 13 விழுக்காடும், கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 விழுக்காடும் கூடியிருந்தது.

ஆகவே ஆசிரியர்களை உருவாக்கவும் ஆசிரியர் அணியில் பலதரப்பட்டவர்களைச் சேர்க்கவும் மானியம் கேட்பது சலுகை கேட்பதல்ல. பல்கலைக்கழகக் கல்வித் துறைகளிலும், பள்ளி நிர்வாகக் குழுக்களிலும், தொண்டு நிறுவனங்களிலும் பணியாற்றும் தமிழர்கள் இப்போது அமெரிக்காவில் கணிசமாக இருக்கிறார்கள். இந்த விண்ணப்பத்தை எழுதும் மேசைக்கு அவர்களில் சிலர் வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மத்திய அரசின் முதன்மைத் திட்டத்தின் பெயர் டீச்சர் குவாலிட்டி பார்ட்னர்ஷிப். பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைக்கும் கூட்டணிக்கு இது கிடைக்கும். 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் 2008-இல் திருத்தப்பட்டபோது அதன் இரண்டாம் பகுதியில் இன்றைய வடிவம் பெற்றது. மானியம் ஐந்து ஆண்டுகளுக்கு. அந்த ஐந்து ஆண்டுக்குள் அதே கூட்டணி இரண்டாவது மானியம் பெற முடியாது. 2024 நிதியாண்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதற்கு ஒதுக்கிய தொகை 7 கோடி டாலர். ஒதுக்கீடு ஆண்டுக்காண்டு மாறும். புதிய போட்டி அறிவிக்கப்படாத ஆண்டுகளும் உண்டு.

2025-இல் நடந்ததை மறைத்துவிட்டு இந்த வழிகாட்டியை எழுதுவது நேர்மையாகாது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசின் கல்வித் துறை, ஆசிரியர் பயிற்சிக்கு ஏற்கெனவே வழங்கியிருந்த 60 கோடி டாலருக்கும் அதிகமான மானியங்களை ரத்து செய்வதாக அறிவித்தது. இந்தத் திட்டமும் இதன் சகோதரத் திட்டம் ஒன்றும் சேர்ந்து நடைமுறையில் இருந்த 109 மானியங்களில் ஐந்து மட்டுமே தப்பின. பன்முகத்தன்மை, சமத்துவம் சார்ந்த பயிற்சிகள் அரசின் கொள்கைக்கு முரணானவை என்பது சொல்லப்பட்ட காரணம். எட்டு மாநிலங்கள் பாஸ்டனில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றன. ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காகப் பணம் கையில் இருக்கும் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

எனவே மாநிலப் பணத்தையும் கூடவே பாருங்கள். கலிபோர்னியா தன் ஆசிரியர் ரெசிடென்சி (ஓராண்டு வகுப்பறையிலேயே இருந்து பழகும் பயிற்சி) மானியத்துக்கு 2018-இல் 7.5 கோடி டாலரும் 2021-இல் 35 கோடி டாலரும் ஒதுக்கியது. இல்லினாய் மாநிலத்தில் உள்ளூர்க்காரர்களை ஆசிரியராக்கும் சட்டம் 2004 முதல் உண்டு. டென்னசி 2022 ஜனவரியில் ஆசிரியர் பணியைத் தொழிலாளர் துறையின் பதிவுபெற்ற தொழிற்பழகுநர் திட்டத்துக்குள் (வேலை செய்து சம்பளம் பெற்றுக்கொண்டே தொழில் பழகும் திட்டம்) கொண்டுவந்தது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அதன்பின் பல மாநிலங்கள் அதே வழியில் சென்றன. இதனால் கல்வித் துறைப் பணம் நின்றாலும் தொழிலாளர் துறைப் பணம் என்று இன்னொரு கதவு திறந்தது.

இரண்டாம் படி: தகுதியுள்ள கூட்டணியா என்று பாருங்கள்

மத்திய மானியத்துக்கு ஐந்து உறுப்பினர்கள் கட்டாயம்: தேவை மிகுந்த ஒரு பள்ளி மாவட்டம், அதற்குள் தேவை மிகுந்த பள்ளி அல்லது பள்ளிகள், ஒரு கல்லூரி அல்லது பல்கலைக்கழகம், அதன் கல்வியியல் துறை, அதன் கலை, அறிவியல் துறை. கடைசி உறுப்பினரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கணித ஆசிரியரை உருவாக்கப் போகிறோம், கணிதத் துறையின் கையெழுத்து இல்லை என்றால் விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிடும்.

'தேவை மிகுந்த' என்பதற்குச் சட்டம் அளவுகோல் வைத்திருக்கிறது. மாவட்டத்துப் பிள்ளைகளில் குறைந்தது 20 விழுக்காட்டினர் வறுமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். அல்லது அப்படிப்பட்ட பிள்ளைகள் 10,000 பேருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அல்லது மத்திய அரசின் கிராமப்புறப் பள்ளித் திட்டங்களுக்குத் தகுதி பெற்றிருக்கவேண்டும். இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. தாம் படிக்காத பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் அதிகம் என்றோ, ஆசிரியர்கள் அடிக்கடி விலகுகிறார்கள் என்றோ, தற்காலிக ஆசிரியர் உரிமத்தில் பணியாற்றுவோர் அதிகம் என்றோ கூடுதலாகக் காட்டவேண்டும். பள்ளிக்குத் தனி அளவுகோல்: மாவட்டத்தின் பள்ளிகளை வறுமை விகிதப்படி வரிசைப்படுத்தினால் மேல் கால்பகுதியில் வரவேண்டும்; அல்லது இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் 60 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 45 விழுக்காடு இருக்கவேண்டும்.

இந்தச் சான்றுகளை மாவட்ட அலுவலகத்தின் தரவுப் பிரிவிலிருந்து ஆண்டு குறிப்பிட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தபின் விண்ணப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் சில வாரங்கள்தான். அதில் பத்து நாள் ஒரு விழுக்காட்டைத் தேடுவதில் போய்விடக்கூடாது.

மூன்றாம் படி: விண்ணப்ப அழைப்பு வரும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள்

என் கருத்தில் இந்த வழிகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பல கூட்டணிகள் காகிதத்தில் மட்டுமே இருப்பவை. பல்கலைக்கழகம் எழுதி முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் பள்ளி மாவட்டத்திடம் ஆதரவுக் கடிதம் கேட்கும். வாசிப்பவருக்கு அது தெரிந்துவிடும். கடிதங்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும். மாவட்டம் எத்தனை பேரை வேலைக்கு எடுக்கும் என்ற எண் எதிலும் இருக்காது.

பேச்சை மாவட்டத்தின் பணியமர்த்தும் அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். அவரிடம் கேட்கவேண்டியவை: அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்தப் பாடத்தில், எந்தப் பள்ளியில், எத்தனை இடம் காலியாகும்? சிறப்புக் கல்வி வகுப்புகளில் இப்போது யார் நிற்கிறார்கள்? ஓய்வுபெறப் போகிறவர்கள் யார்? சேர்ந்த இரண்டாம் ஆண்டே விலகியவர்கள் ஏன் விலகினார்கள்? இந்தப் பதில்களே சட்டம் விண்ணப்பத்தில் கேட்கும் தேவை மதிப்பீட்டின் அடித்தளம். பல்கலைக்கழகம் எளிதாக உருவாக்கக்கூடிய ஆசிரியரும் மாவட்டத்துக்குத் தேவைப்படும் ஆசிரியரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வரிசையில் நிற்பார்கள். இருமொழி அறிவியல் ஆசிரியருக்கு ஆளே இருக்காது.

பிறகு சமூகத்திடம் போங்கள். சிகாகோவின் லோகன் ஸ்கொயர் பகுதியில் நடந்தது நல்ல பாடம். அங்கே ஓர் அக்கம்பக்கச் சங்கம், பிள்ளைகளைப் பள்ளியில் விட வந்த தாய்மார்களை வகுப்பறையில் உதவியாளர்களாக உட்காரவைத்தது. பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் குடியேறியவர்கள். சில மாதங்களிலேயே அவர்களில் பலர், நாமே ஆசிரியராகலாமே என்று கேட்கத் தொடங்கினார்கள். 2000-இல் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் அந்தப் பகுதிக்கே வந்து மாலை வகுப்பு நடத்தியது. மத்திய அரசின் இருமொழிக் கல்வி மானியம் கைகொடுத்தது. பின்னர் வந்த இல்லினாய் சட்டத்துக்கு முன்மாதிரி அந்தத் தாய்மார்கள்தான். அவர்களை எந்த விளம்பரமும் கண்டுபிடிக்கவில்லை. பள்ளி வாசலில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2000-இல், காலங்காலமாகக் கறுப்பினத்தவருக்குக் கல்வி தந்த கல்லூரிகளுடன் சேர்ந்து, கறுப்பின ஆண்களைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாக்கும் திட்டத்தைத் தொடங்கியதையும் பாருங்கள். பெரிய பல்கலைக்கழகம் தனியாகச் செய்திருந்தால் அந்த இளைஞர்களின் நம்பிக்கையைப் பெற்றிருக்காது.

நான்காம் படி: பயிற்சியின் வடிவம்

சட்டம் இரண்டு வழி தருகிறது. ஒன்று, இளங்கலைப் படிப்போடு இணைந்த பயிற்சியைச் சீரமைப்பது. மற்றது ரெசிடென்சி. மருத்துவர்கள் மருத்துவமனையில் பழகுவதுபோல், முழுக் கல்வியாண்டும் தேர்ந்த ஒரு வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பிலேயே இருந்து கற்பது. இரண்டையும் சேர்த்தும் கேட்கலாம்.

ரெசிடென்சிக்குப் பட்டதாரிகளும், வேறு துறையில் பணியாற்றிவிட்டு வருகிறவர்களும் சேரலாம். அவர்கள் குழுவாகப் பயில்வார்கள். தொடங்கிய 18 மாதங்களுக்குள் முதுகலைப் பட்டமும், பயிற்சி முடிவதற்குள் மாநில உரிமமும் பெறவேண்டும். பயிற்சி ஆண்டில் வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை அல்லது சம்பளம் உண்டு. பதிலுக்கு, முடித்த கையோடு குறைந்தது மூன்று கல்வியாண்டு கூட்டணியின் தேவை மிகுந்த பள்ளியில் முழுநேரம் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தரவேண்டும். மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். உடல்நலக் குறைவு, கூட்டணிப் பள்ளிகளில் வேலை கிடைக்காமை, ராணுவ அழைப்பு போன்றவற்றுக்குத் தளர்வு உண்டு. இந்த நிபந்தனையைப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவருக்கு அவரவர் வீட்டு மொழியிலேயே விளக்கிச் சொல்லுங்கள். கடன் என்று தெரியாமல் கையெழுத்திட்டவர் பின்னால் உடைந்துபோவார்.

உரிமம் பெற்றபின் முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது துணைநின்று வழிநடத்தும் ஏற்பாடும் வேண்டும். பாஸ்டனில் 2003-இல் தொடங்கிய ரெசிடென்சியை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: அதில் பயின்றவர்கள் மற்றப் புதிய ஆசிரியர்களைவிடப் பலதரப்பட்டவர்கள், ஐந்தாம் ஆண்டிலும் மாவட்டத்திலேயே நீடிப்பது அதிகம். ஆனால் கணிதத்தில் அவர்களின் மாணவர்கள் தொடக்கத்தில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். ஆசிரியர்கள் விரைவாகத் தேறிப் பிறகு மற்றவர்களை முந்தினார்கள். விலகாமல் வைத்துக்கொள்வதில்தான் இந்த முறையின் பலன் இருக்கிறது. முதல் ஆண்டு மதிப்பெண்ணை மட்டும் வாக்குறுதியாக எழுதினால் நீங்களே உங்களுக்குக் குழி தோண்டிக்கொள்வீர்கள்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. பொறியியலோ அறிவியலோ படித்துவிட்டு, குடும்பத்துக்காகப் பணியை விட்டு அமெரிக்காவில் வீட்டில் இருக்கும் நம் பெண்கள் பலருக்கு இந்த வழி பொருந்தும். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டுச் சான்று வாங்கவேண்டும். விசாவில் இருப்பவர்கள் வேலை அனுமதி உண்டா என்பதை எல்லாவற்றுக்கும் முன் உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

ஐந்தாம் படி: பலதரப்பட்டவர்கள் என்ற இலக்கைச் சட்டத்துக்குள் நின்று எழுதுவது

2023-இல், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவது பற்றிய ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப்பின், இனத்தைப் பார்த்துச் சேர்ப்பதோ உதவித்தொகை தருவதோ ஆபத்து. ஆனால் மானியச் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. மாவட்டத்தின் தேவைக்கேற்பச் சேர்க்கை இலக்கு வகுக்கச் சொல்கிறது. தாங்கள் கற்பிக்கப்போகும் சமூகத்தைப் பிரதிபலிப்பவர்களையும், ஆசிரியப் பணியில் குறைவாக உள்ள பிரிவினரையும் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. அப்பிரிவினர் எத்தனை விழுக்காடு பணியமர்த்தப்பட்டார்கள் என்று அளக்கவும் சொல்கிறது. பல்கலைக்கழக வழக்கறிஞரோடு உட்கார்ந்து தீர்ப்பு, சட்டம் இரண்டையும் ஒத்துப்பார்த்து எழுதுங்கள்.

நடைமுறையில் பாதுகாப்பான வழியும் பயனுள்ள வழியும் ஒன்றேதான்: யார் வரலாம் என்று வடிகட்டாமல், யார் வரமுடியாமல் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தடையை நீக்குவது. பள்ளியில் வகுப்பறை உதவியாளராக இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் மொழி அவருக்குத் தெரியும், பெற்றோர்களையும் தெரியும். பட்டம் முடித்துவிட்டார். உரிமம் வேண்டுமென்றால் பல மாதங்கள் சம்பளமில்லாமல் பயிற்சி ஆசிரியராக நிற்கவேண்டும். அதே பள்ளியில், அதே வகுப்பில்! அந்த மாதங்களில் வாடகையை யார் கட்டுவது? மருத்துவக் காப்பீடு போய்விடும். தேர்வுக் கட்டணம், கைரேகைச் சோதனைக் கட்டணம், மாலை வகுப்புக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், ஓடாத காரைப் பழுதுபார்க்கும் செலவு என்று ஒவ்வொன்றும் அவரை நிறுத்தும். ஆசிரியப் பணி ஏன் வெள்ளையர் பணியாகவே இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தச் சிறு செலவுகளில் இருக்கிறது. வசதியுள்ள குடும்பம் அவற்றைத் தாங்கும். இல்லாத குடும்பம் தாங்காது.

ஆகவே உதவித்தொகை எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். ஆள்தேடும் இடங்களை மாற்றுங்கள்: சமுதாயக் கல்லூரிகள், உள்ளூர் உயர்நிலைப் பள்ளிகள், வழிபாட்டுத் தலங்கள், பள்ளியின் உணவகமும் பேருந்துப் பிரிவும். அவசரச் செலவுக்கென்று ஒரு சிறு நிதியைத் திட்டத்தில் வையுங்கள். மானியப் பணத்தில் அனுமதி இல்லாத செலவுக்கு அறக்கட்டளைப் பணத்தைத் தேடுங்கள்.

ஆறாம் படி: பணக் கணக்கு

பலர் தடுக்கி விழும் இடம் இது. மானியம் எவ்வளவோ அவ்வளவு தொகையை மத்திய அரசு சாராத மூலத்திலிருந்து நீங்களும் காட்டவேண்டும். நூற்றுக்கு நூறு இணைநிதி. ரொக்கமாகவும் இருக்கலாம், பொருளாகவோ உழைப்பாகவோ இருக்கலாம். கடும் இடர்ப்பாடு என்று காரணம் காட்டினால் மத்திய கல்வி அமைச்சர் தளர்த்தலாம். அதை நம்பித் தொடங்காதீர்கள்.

உதாரணத்துக்கு, ஐந்து ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 பேர், ஒருவருக்கு 35,000 டாலர் உதவித்தொகை என்றால் ஆண்டுக்கு 5,25,000. முதலாண்டைத் திட்டமிடலுக்கு விட்டு, ஆண்டுக்கு ஓர் அணியாக நான்கு அணிகள் எடுத்தால் 21 லட்சம். மிச்சத்தில் வழிகாட்டி ஆசிரியர்களின் ஊக்கத்தொகை, ஒருங்கிணைப்பாளர், மதிப்பீட்டாளர், புதிய ஆசிரியர்களுக்கான தொடர் ஆதரவு. நிர்வாகச் செலவுக்கு 2 விழுக்காடு மட்டுமே அனுமதி. அதாவது மொத்தம் ஒரு லட்சம், ஆண்டுக்கு 20,000. ஒரு முழுநேர ஊழியரின் சம்பளத்துக்குக்கூடக் காணாது. பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலகத்துக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் கையெழுத்து வராது.

எதிர்ப்பக்கம் 50 லட்சம் எங்கிருந்து? பல்கலைக்கழகம் தரும் கல்விக் கட்டணச் சலுகை பெரும்பங்கைத் தாங்கும். மானியத்தில் சம்பளம் வாங்காமல் பேராசிரியர்கள் தரும் நேரம், மாவட்டம் தன் சொந்த நிதியில் வழிகாட்டி ஆசிரியருக்குத் தரும் ஓய்வு நேரத்தின் மதிப்பு, வகுப்பறை இடம், அறக்கட்டளைப் பணம் ஆகியவை மற்றவை. மாவட்டம் மத்திய அரசிடமிருந்து பெறும் வேறு நிதியை இங்கே காட்டக்கூடாது. ஒரே டாலரை இரண்டு மானியத்துக்கு இணைநிதியாகக் காட்டவும் கூடாது. பேராசிரியரின் நேரத்துக்கு நேரப் பதிவு வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய தாளைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார்.

இன்னொன்று. மானியம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஓர் அணிக்கு மீதிக் கல்வியாண்டு உதவித்தொகை தரப் போதுமான தொகையை மாநில நிதியிலோ நன்கொடையிலோ ஒதுக்கிவையுங்கள். பணம் நின்றால் மூன்றாண்டுப் பணிக் கட்டுப்பாடு என்னாகும் என்பதும் பயிற்சி பெறுபவரின் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கவேண்டும். 2025-இல் அடிபட்டவர்கள் அதிகாரிகள் அல்லர். வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள்.

ஏழாம் படி: எழுதுவதும் அனுப்புவதும்

மத்திய அரசின் பதிவுத் தளத்தில் நிறுவனத்தின் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும், முகவரி பொருந்தவில்லை என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். அழைப்பு, மத்திய அரசிதழில் வெளியாகும். அதைப் பேனாவோடு படியுங்கள். கட்டாய முன்னுரிமைகளில் ஒன்றுக்கு விடை சொல்லாவிட்டால் விண்ணப்பம் மதிப்பிடப்படாது. போட்டி முன்னுரிமைகள் கூடுதல் மதிப்பெண் தருபவை. ஆட்சி மாறினால் இவையும் மாறும். பழைய விண்ணப்பத்தைத் தேதி மாற்றி அனுப்புகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

திட்ட விளக்கத்தைத் தேர்வு அளவுகோல்களின் வரிசையிலேயே, அதே தலைப்புகளோடு எழுதுங்கள்: திட்ட வடிவமைப்பின் தரம், மதிப்பீடு, வளங்கள், மேலாண்மை. வாசிப்பவர் உங்களைப்போல் ஒரு கல்வியாளர். அடுக்கடுக்காக விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டு மதிப்பெண் தாளில் எண்ணை நிரப்பிக்கொண்டிருப்பார். அவர் தேடும் விடை தேடும் இடத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் பொறுப்பாளர், மாதம், அளவு மூன்றும் வேண்டும். ‘பள்ளிகளுடன் இணைந்து செயல்படுவோம்’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது. ‘ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் ஐந்து பள்ளிகளில் 15 வழிகாட்டி ஆசிரியர்களை மாவட்டமும் கல்வியியல் துறையும் சேர்ந்து வகுப்பறையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்’ என்பதற்கு உண்டு.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே பதிவேற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: கிடைத்த பின்னும், கிடைக்காவிட்டாலும்

கிடைத்தால், முதல் மூன்று மாதத்துக்குள் தரவுப் பகிர்வு ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள். யார் எத்தனை ஆண்டு நீடித்தார் என்ற தகவல் மாவட்டத்திடம் இருக்கும். ஆண்டு அறிக்கை எழுதவேண்டியவர் பல்கலைக்கழகத்தில் இருப்பார். இருவருக்கும் நடுவே கையெழுத்தான தாள் இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் காட்ட எண்ணே இருக்காது. மூன்றாம் ஆண்டிலேயே இன்னொரு பேச்சையும் தொடங்குங்கள்: ஆறாம் ஆண்டின் உதவித்தொகையை யார் தருவது? நிரப்பப்படாத பணியிடங்களுக்கும் மாற்று ஆசிரியர்களுக்கும் மாவட்டம் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சி ஆசிரியருக்குத் திருப்பிவிடலாம். வாரத்தில் ஒரு நாள் அவர் மாற்று ஆசிரியராக நின்று அதற்கான ஊதியம் பெறும் ஏற்பாடு பல இடங்களில் நடக்கிறது.

கிடைக்காவிட்டால், மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளையும் மதிப்பெண்களையும் கேட்டு வாங்குங்கள். கூட்டணியின் எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து அமர்ந்து படியுங்கள், பள்ளித் தலைமை ஆசிரியர்கள் உட்பட. எந்த அளவுகோலில் மதிப்பெண் போனது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பகுதியை மட்டும் அடுத்த மாதமே திருத்தி எழுதிவையுங்கள். தேவை மதிப்பீடு, இணைநிதிக் கடிதங்கள், வழிகாட்டி ஆசிரியர் பட்டியல் எல்லாம் மாநில மானியத்துக்கும் தொழிற்பழகுநர் திட்டத்துக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். அவற்றின் கடைசித் தேதிகளை அந்தக் கூட்டத்திலேயே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.